தாவீது எழுந்து சாப்பிட்டாரே, நான் ஏன் எழவில்லை?

கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 59 வயது. அரசு பஸ்ஸில் கண்டக்டர். ஊர் திருமங்கலம் பக்கம். ரிட்டயர்டு ஆக இன்னும் பத்து மாதம் இருக்கிறது. மே மாதம் என் ஒரே மகன் பைக் விபத்தில் போய்விட்டான். 24 வயது. கப்பலூர் பக்கம் நான்குவழிச் சாலையில் அடிபட்டு, ஆறு நாள் ஐசியூவில் கிடந்தான். அந்த ஆறு நாளும் என் மனைவி ஐசியூ வாசலை விட்டு நகரவில்லை. நான் ரத்தம், ஸ்கேன், போலீஸ் ஸ்டேஷன் என்று ஓடிக்கொண்டிருந்தேன். உள்ளே போய் அவனைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்கு முன்னால் மூன்று மாதம் அவனும் நானும் பேசவில்லை. என்னைக் கேட்காமல் கடன் போட்டு அந்த பைக்கை வாங்கினான். "இனி இந்த வாசலை மிதிக்காதே" என்று சொல்லிவிட்டேன். திருநகரில் சிநேகிதப் பையன்களோடு ரூம் எடுத்துத் தங்கினான். நான் டூட்டிக்குப் போன பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். அவன் தட்டு இடம் மாறி இருக்கும். எனக்குத் தெரியும், கேட்டதில்லை. ஒரு நாள் டூட்டி சீக்கிரம் முடிந்துவிட்டது. அவன் வீட்டில் இருக்கிற நேரம். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்துவிட்டு, அவன் கிளம்பியிருப்பான் என்று கணக்குப் பண்ணி மெதுவாக வீட்டுக்குப் போனேன். அதுதான் கடைசி வாய்ப்பு என்று தெரியாது.

மனைவி இரண்டாவது மாதமே எழுந்துவிட்டாள். சமைக்கிறாள், கோவிலுக்குப் போகிறாள், பாடகர் குழுவில் பாடுகிறாள். போன வாரம் பக்கத்து வீட்டு அம்மாவோடு சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விபத்துக் கேஸுக்கு வக்காலத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறாள். பெற்ற பிள்ளைக்கு விலை பேசச் சொல்கிற மாதிரி இருக்கிறது. நான் டூட்டிக்கே போகவில்லை. என் தடத்தில் அந்த இடத்தை ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கடக்க வேண்டும். ராத்திரித் தூக்கத்துக்குக் கொஞ்சம் குடிக்கிறேன்.

மச்சான் சபையில் பிரசங்கம் பண்ணுகிறவர். "தாவீது ராஜா பிள்ளை செத்ததும் எழுந்து, குளித்து, எண்ணெய் பூசி, சாப்பிட்டார். உங்களுக்கு விசுவாசம் பத்தவில்லை" என்கிறார். எடுத்து வாசித்தேன். அப்படித்தான் போட்டிருக்கிறது. அவனுக்குப் பதில் நான் போயிருக்கலாம். எனக்கு விசுவாசம் குறைவா? இல்லை, என் மனைவிக்குப் பாசம் குறைவா?

பதில்:

ஐயா, வணக்கம். முதலில் ஒரு திருத்தம். நான் டாக்டர் இல்லை, மனநல ஆலோசகர். மாத்திரை எழுதித் தர முடியாது. போதகரும் இல்லை. ஆனால் பசுமலைப் பக்கம் வளர்ந்தவள். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பித்துப் பென்சில் டப்பா பரிசு வாங்கியவள். அந்தத் தைரியத்தில் உங்கள் மச்சான் எடுத்த பகுதிக்குள் நானும் வருகிறேன். உங்களை ஊரில் யாரும் கண்டுகொள்ளாதபடி கடிதத்தில் சில விவரங்களை மாற்றித்தான் போட்டிருக்கிறோம்.

மச்சான் சொன்னது வேதத்தில் இருக்கிறது, 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தில். ஆனால் அவர் பாதியில் புத்தகத்தை மூடிவிட்டார். ஆறு அதிகாரம் தள்ளிப் போனால் அதே தாவீது இன்னொரு மகனை இழக்கிறார். அங்கே அவர் எழுந்து குளித்தார், சாப்பிட்டார் என்றெல்லாம் ஒரு வார்த்தை கிடையாது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வாசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் நடப்பது அப்படியே தெரியும்.

முதல் பிள்ளை தாவீதின் மனைவி பத்சேபாளுக்குப் பிறந்த கைக்குழந்தை. பெயர்கூட எழுதப்படவில்லை. அது நோயில் விழுந்ததும் தாவீது உபவாசம் இருக்கிறார். ராத்திரி முழுக்கத் தரையில் கிடக்கிறார். வீட்டுப் பெரியவர்கள் வந்து தூக்கிப் பார்க்கிறார்கள், எழ மாட்டேன் என்கிறார். ஏழாம் நாள் குழந்தை இறக்கிறது. அதை அவரிடம் சொல்ல வேலைக்காரர்களுக்குப் பயம். அவர்கள் ஒருவர் காதை ஒருவர் கடிப்பதைப் பார்த்தே அவர் புரிந்துகொள்கிறார். அதற்கு அப்புறம்தான் அந்தக் குளியலும் எண்ணெயும் சாப்பாடும்.

இந்தப் பகுதியைத் துட்டி வீட்டில் எடுத்துப் பேசுகிறவர்கள் எல்லாரும் குளியலில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் ஏழு நாள் தரை இருக்கிறது. பிள்ளை உயிரோடு இருக்கும்போதே அவர் அழ வேண்டியதில் பெரும்பங்கை அழுதுவிட்டார். நீண்ட நாள் படுக்கையில் கிடந்து இறந்தவர்களின் வீட்டில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கடைசி மூச்சு போன அன்று பெண்டாட்டியோ மகளோ அழாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். வந்தவர்கள், "கல்லு மாதிரி இருக்கா பாரு" என்று பேசுவார்கள். அவள் கல் இல்லை. மாதக்கணக்கில், யாரும் பார்க்காத நேரத்தில் அழுது முடித்தவள்.

உங்கள் மனைவிக்கு அந்த ஆறு நாள் ஐசியூ வாசல் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தரையில் துண்டை விரித்து, உள்ளே விடுகிற பத்து நிமிஷத்துக்காக நாள் முழுக்கக் காத்திருக்கிற இடம் அது. அவர் மகன் கையைப் பிடித்திருப்பார், காலைத் தடவியிருப்பார், காதில் ஏதாவது சொல்லியிருப்பார். நீங்கள் அந்த நேரத்தில் ரத்தத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தீர்கள். யாராவது ஓடத்தான் வேண்டும், ஓடியதும் பாசத்தில்தான். ஆனால் ஓடிக்கொண்டிருந்தவருக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. உங்கள் துக்கம், எல்லாரும் பந்தலைப் பிரித்துக்கொண்டு போன பிறகுதான் தொடங்கியது. அவரைவிட நீங்கள் பின்தங்கி நிற்பது போலத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணத்தை, தாவீது பிறகு இழந்த அந்த மகன் அப்சலோமிடம் பார்க்கலாம். இந்தக் கதையில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் உங்கள் கதை அங்கேதான் இருக்கிறது.

அப்சலோம் தன் தங்கை தாமாரைக் கெடுத்த அம்னோனை ஆள் வைத்துக் கொல்கிறான். அம்னோனும் தாவீதின் மகன்தான். தாவீது தினந்தோறும் அழுகிறார். கொன்றவன் கேசூருக்கு ஓடிப் போய் மூன்று வருடம் இருக்கிறான். பிறகு தளபதி யோவாப் பேச்சுவார்த்தை நடத்தி அவனை ஊருக்குக் கூட்டி வருகிறார். தாவீது சம்மதிக்கிறார், ஆனால் ஒரு நிபந்தனையோடு: அவன் தன் வீட்டுக்குப் போகட்டும், என் முகத்தைப் பார்க்க வேண்டாம். இரண்டு வருடம் அப்பனும் மகனும் ஒரே எருசலேமில் இருக்கிறார்கள், முகம் பார்க்காமல். மகன் ஆள் அனுப்பி அனுப்பிப் பார்க்கிறான், யோவாப் வருவதாக இல்லை. கடைசியில் யோவாபின் வாற்கோதுமை வயலுக்குத் தீ வைக்கிறான். அப்பனைப் பார்க்க ஒரு பிள்ளை வயலுக்குத் தீ வைக்கிறான் என்றால் அந்த வாசல் எவ்வளவு இறுக மூடியிருந்திருக்கும்! கடைசியில் தாவீது கூப்பிட்டு முத்தமிடுகிறார். ஆனால் அது காலம் கடந்த முத்தம். மகன் அப்பனுக்கு எதிராகப் படை திரட்டுகிறான், அப்பன் வெறுங்காலோடு அழுதுகொண்டே ஊரை விட்டு ஓடுகிறார்.

யுத்தத்துக்குப் படை கிளம்பும்போது தாவீது தளபதிகளிடம் ஒன்று கேட்கிறார். "பிள்ளையாண்டானாகிய அப்சலோமை என்னிமித்தம் மெதுவாய் நடப்பியுங்கள்." எனக்காக அவனை மென்மையாக நடத்துங்கள் என்று அர்த்தம். எல்லா ஜனங்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்கிறார், ஆனால் மகன் காதுக்கு அது எட்டவில்லை. பிறகு நகர வாசலில் உட்கார்ந்து காத்திருக்கிறார். செய்திக்காரன் ஓடி வருகிறான். ஜெயித்துவிட்டோம் என்கிறான். தாவீது கேட்பது வேறு: பிள்ளையாண்டானாகிய அப்சலோம் சுகமாயிருக்கிறானா? அவன் மழுப்புகிறான். அடுத்தவன் வருகிறான். அதே கேள்வி. பதில் கிடைத்ததும் வாசலுக்கு மேலே இருந்த அறைக்கு ஏறிப் போகிறார். படியேறும்போதே புலம்பல் தொடங்கிவிடுகிறது. "என் மகனாகிய அப்சலோமே, என் மகனே, என் மகனாகிய அப்சலோமே, நான் உனக்குப் பதிலாகச் செத்தேனானால் நலமாயிருக்கும், அப்சலோமே, என் மகனே, என் மகனே." அந்த ஒரே வசனத்தில் ஐந்து தடவை மகன், மகன் என்று வருகிறது.

ஐயா, உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். "அவனுக்குப் பதில் நான் போயிருக்கலாம்." நீங்கள் 18ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்து எழுதியிருக்க மாட்டீர்கள். தானாக வந்திருக்கிறது. சண்டையோடு பிள்ளையைப் பறிகொடுத்த அப்பன் வாயில் மூவாயிரம் வருடமாக இதே வாக்கியம்தான் வருகிறது.

கைக்குழந்தைக்காக எழுந்து சாப்பிட்டதும் இதே தாவீதுதான், அப்சலோமுக்காகப் படியில் புலம்பியதும் இதே தாவீதுதான். நடுவில் அவருடைய விசுவாசம் வற்றிப் போய்விட்டதாக அந்தப் புத்தகம் எங்கேயும் சொல்லவில்லை. மாறியது பிள்ளை. அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் தீராமல் கிடந்த கணக்கு. சாவு வந்த விதம். குழந்தை விஷயத்தில் அவர் செய்ய முடிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டார். அப்சலோம் விஷயத்தில் அந்த இரண்டு வருடம் அப்படியே நிற்கிறது.

உங்கள் மச்சான் 12ஆம் அதிகாரத்தை உங்கள் மேல் வைத்துப் பார்த்தார். அது உங்கள் மனைவிக்கு அளவெடுத்த சட்டை. உங்களுக்கு 18ஆம் அதிகாரம்.

இப்போது அந்த இரண்டு டீக்கு வருகிறேன். நான்கு பக்கக் கடிதத்தில் நீங்கள் கையெழுத்து மாறி எழுதிய இடம் அதுதான், பேனா அழுந்தியிருக்கிறது. மகன் முகத்தைப் பார்க்காமல் இருக்க பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் வாசித்தபோது எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. நீங்கள் அந்த நேரத்துக்கு வீட்டுக்குப் போயிருந்தால் அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருப்பான். அவன் தட்டு இடம் மாறியிருந்ததை மூன்று மாதம் பார்த்துவிட்டு, ஒரு நாள்கூட மனைவியிடம் "அவன் வந்தானா" என்று அதட்டவில்லை. வாசலை மிதிக்காதே என்று சொன்னவர், மிதித்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தீர்கள். மெதுவாய் நடப்பியுங்கள் என்று தாவீது தளபதிகளிடம் சொன்னார். நீங்கள் யாரிடமும் சொல்லாமல் இரண்டாவது டீ சொன்னீர்கள்.

இதைச் சொல்லி உங்கள் குற்ற உணர்ச்சியைத் துடைத்துவிடப் பார்க்கவில்லை. ரோஷமும் இருந்திருக்கும், இதுவும் இருந்திருக்கும். எது எத்தனை பங்கு என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் ரோஷத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ஐந்து மாதமாக உங்கள் மேலேயே கேஸ் நடத்துகிறீர்கள். வாதியும் நீங்கள், ஜட்ஜும் நீங்கள். எதிர்த்தரப்பு சாட்சியை ஒரு தடவையாவது கூப்பிட வேண்டாமா?

அந்தச் சாட்சி உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அவன் அந்த மூன்று மாதம் வந்து என்ன சாப்பிட்டான், எங்கே உட்கார்ந்தான், உங்களைப் பற்றிக் கேட்டானா, திட்டினானா, சிரித்தானா, எல்லாம் உங்கள் மனைவியிடம் இருக்கிறது. உங்கள் மகனின் கடைசி மூன்று மாதம் உங்களிடம் இல்லை, அவரிடம்தான் இருக்கிறது. அவர் மேல் வருகிற கோபத்தில் பாதி இதுவாக இருக்கலாம். அவருக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்கவில்லை.

அவர் சிரித்ததற்கு வருவோம். 1999இல் நெதர்லாந்தில் வேலை பார்த்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் துக்கத்தைப் பற்றி ஒரு விளக்கம் கொடுத்தார்கள். எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் அதை நிறையப் பயன்படுத்துகிறோம். துக்கத்தில் இருக்கிறவர் இரண்டு பக்கமும் போய்ப் போய் வருவார் என்கிறார்கள். கொஞ்ச நேரம் இழப்புக்குள் மூழ்குவார்; கொஞ்ச நேரம் அடுப்பு, பில், பாட்டு, அடுத்த வீட்டுப் பேச்சு என்று வெளியே வருவார்; திரும்பவும் மூழ்குவார். இந்தப் போக்குவரத்துதான் ஆளைத் தாங்கி நிறுத்துகிறது. உங்கள் பாஷையில் சொன்னால், ஒரே பஸ்தான் போய்விட்டுத் திரும்பவும் வருகிறது. நீங்கள் அவர் வருகிற டிரிப்பை மட்டும் பார்க்கிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் போகிற டிரிப்பை, நீங்கள் குடித்துவிட்டுத் தூங்குவதால், பார்க்க முடியவில்லை.

உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. நம் ஊரில் ஆம்பளைக்கு அழ இடம் கிடையாது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு துட்டி வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். இறந்தவனுடைய நல்லது கெட்டது, சொல்லாமல் விட்ட பேச்சு, செய்யாமல் விட்ட சீர், எல்லாம் அந்தப் பாட்டில் வந்துவிடும். ஆண்கள் தெருவில், பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் தோளில் துண்டோடு உட்கார்ந்து, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள். கிறிஸ்தவ வீடுகளில் பெண்களுக்கும் அந்த ஒப்பாரி போய்விட்டது, பாமாலையும் கீர்த்தனையும் அந்த இடத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டன. உங்கள் மனைவி பாடகர் குழுவில் பாடுவது எனக்கென்னவோ ஒப்பாரியின் வேறு வடிவமாகத்தான் படுகிறது. உங்களுக்கு அதுவும் இல்லை. எரேமியா 9ஆம் அதிகாரத்தில் புலம்புகிற பெண்களைக் கூப்பிட்டு வாருங்கள், நம் கண்ணில் தண்ணீர் வரட்டும் என்று கர்த்தரே சொல்வதாக வருகிறது. அழுவதை அவிசுவாசமாக எண்ணுகிறவர்கள் அதையும் ஒரு தடவை வாசிக்கலாம்.

"நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம்" என்று பவுல் எழுதிய வசனமும் உங்கள் வீட்டுக்கு எப்படியும் வந்து சேர்ந்திருக்கும். அங்கே முற்றுப்புள்ளி 'துக்கிக்க வேண்டாம்' என்ற இடத்தில் இல்லை. நம்பிக்கை இல்லாதவர்களைப் போல வேண்டாம் என்கிறார், அவ்வளவுதான்.

என் சொந்தத் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த புதிதில், மனைவியை இழந்த ஒரு பெரியவரிடம் துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று தாளில் படி வரைந்து காட்டினேன். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. அவர் ரொம்ப நேரம் அதைப் பார்த்துவிட்டு, "நான் எந்தப் படியில இருக்கேம்மா?" என்று பரீட்சை மார்க் கேட்கிற மாதிரி கேட்டார். அடுத்த வாரம் வரவில்லை. அந்த ஐந்து கட்டமும் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர் 1969இல் சொன்னது. சாகக் கிடந்த நோயாளிகளோடு பேசி எழுதியது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் ஏற வேண்டிய ஏணியாக அதை நாங்கள் பிறகு ஆக்கிவிட்டோம். உங்கள் மச்சானும் வேதத்தை வைத்துக்கொண்டு அதே வேலையைத்தான் செய்கிறார், அவர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற தவிப்பு. பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த யோபுவின் சிநேகிதர்கள்கூட முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

சரி, இனி என்ன செய்வது?

அப்சலோம் கதை அந்த மேல்அறையோடு முடியவில்லை. ஜெயித்து வந்த படை, தோற்றவர்களைப் போலத் திருட்டுத்தனமாக ஊருக்குள் நுழைகிறது. ராஜா முகத்தை மூடிக்கொண்டு அலறுகிறார். யோவாப் உள்ளே போய்ச் சத்தம் போடுகிறார். அவர் பேச்சு முரட்டுத்தனமானது. தவிர, அப்சலோமைக் கொன்றதே இவர்தான்; துட்டி வீட்டில் புத்தி சொல்ல இவருக்கு என்ன யோக்கியதை என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஆனால் உம்மை நம்பி இருக்கிறவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்று அவர் சொன்னது உண்மை. தாவீது எழுந்து வந்து நகர வாசலில் உட்காருகிறார். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. கண்ணைத் துடைத்தார் என்றோ, ஆறுதல் அடைந்தார் என்றோ, பேசினார் என்றோகூட இல்லை. வந்து உட்கார்ந்தார்.

உங்களிடம் இப்போதைக்கு நான் கேட்பதும் அவ்வளவுதான். உங்கள் வாசல் டெப்போ. அந்தத் தடத்தில் நாளைக்கே ஏறுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை அந்த இடத்தைக் கடப்பது யாரையும் உடைத்துவிடும். கிளை மேலாளரைப் போய்ப் பார்த்து, நடந்ததைச் சொல்லி, வேறு தடம் அல்லது கொஞ்ச நாளைக்கு உள்வேலை கேளுங்கள். எழுதிக் கொடுங்கள், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். பத்து மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவர் லீவை இப்படிக் கரைப்பது, பிறகு இன்னொரு வருத்தமாக வந்து நிற்கும். கப்பலூரை ஒரு நாள் கடந்துதான் ஆக வேண்டும். அதை டூட்டியில் வேண்டாம், பயணியாக, பக்கத்தில் ஒரு ஆளோடு, பகல் நேரத்தில் செய்யுங்கள்.

வக்காலத்து விஷயம் அவசரம். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். பிள்ளைக்கு விலை பேசுவதாக நினைக்காதீர்கள்; தீர்ப்பாயத்தில் யாரும் அவனுக்கு விலை போட முடியாது, போடவும் மாட்டார்கள். அவன் இருந்திருந்தால் இந்த வீட்டுக்கு எவ்வளவு கொடுத்திருப்பான் என்றுதான் கணக்குப் பார்ப்பார்கள். உங்கள் மனைவிக்கு வயதான காலத்தில் மகன் கொடுத்திருக்க வேண்டிய கஞ்சி அது. அவர் கேட்பதை அப்படிக் கேட்டுப் பாருங்கள். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கினால் நடுங்கட்டும்.

குடியை நிறுத்துங்கள். தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், நடு ராத்திரியில் எழுப்பிவிடும், காலையில் துக்கத்தோடு சோர்வும் சேர்ந்துகொள்ளும். ரொம்ப நாளாகத் தினமும் குடிக்கிற பழக்கம் என்றால் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரைப் பார்த்து நிறுத்துங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி, நேராகவே கேட்கிறேன். "அவனுக்குப் பதில் நான் போயிருக்கலாம்" என்பது அப்பன் புலம்பல் என்றால் எனக்குப் புரிகிறது. "நானும் போய்விடுகிறேன்" என்று அது எப்போதாவது மாறுகிறதா? எப்படி, எங்கே என்று மனம் யோசிக்கிறதா? ஒரு தடவை அப்படி ஓடியிருந்தாலும் அடுத்த கடிதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே நேரில் போகலாம். வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கு நோய் என்று நான் சொல்லவில்லை. துக்கம் நீண்டு முடங்கிப்போகிற நிலைக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு ஆறு மாதமாவது கடந்திருக்க வேண்டும் என்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022 கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. நீங்கள் இரண்டுக்கும் இந்தப் பக்கம்தான் நிற்கிறீர்கள். ஆனால் வேலைக்குப் போகாமல், குடித்து, மனைவியோடு பேசாமல் இப்படியே போனால் அந்தப் பக்கம் தள்ளிவிடும். ஒரு ஆலோசகரை நான்கைந்து தடவை நேரில் பாருங்கள். முடிந்தால் இரண்டு பேருமாகப் போங்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வருகிறது. உங்கள் மனைவி எப்படியும் போவார். கல்லறையைக் கழுவ, சுண்ணாம்பு அடிக்க, செவ்வந்தி வாங்க ஆள் வேண்டும். நீங்கள் அங்கே ஜெபம் பண்ண வேண்டாம், பாட வேண்டாம். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு கூடப் போங்கள். திரும்பி வந்த பிறகு, சாயந்தரம், அவன் வந்து என்னென்ன சாப்பிட்டான் என்று கேளுங்கள். அவர் உடனே சொல்லாமல் போகலாம், உங்கள் மேல் கோபமும் அவருக்கு இருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த கடிதம் எழுதினால் விசுவாசத்தைப் பற்றி எழுத வேண்டாம். அந்த இரண்டாவது டீயைப் பற்றி வீட்டில் சொன்னீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.